டர்பனில் டிவைஸ்நெட் பழுதுபார்க்கும் சேவை: கூப்பிடலாமா?

ஜேக்கப்ஸ், மொபேனி பக்கத்து ஆலைகளுக்கு நேரில் வந்து டிவைஸ்நெட் லைனை (சென்சார், மோட்டார் போன்ற கருவிகளைக் கன்ட்ரோலருடன் இணைக்கும் கேபிள் நெட்வொர்க்) பார்த்துத் தருகிறார்கள். ஆரம்பமே சரி: பவரை அணைத்துவிட்டு, வெள்ளை வயருக்கும் நீல வயருக்கும் இடையே ஓம் அளக்கிறார்கள். 60 வந்தால் இரு முனையிலும் 121 ஓம் டெர்மினேட்டர் (லைன் முனையில் மாட்டும் ரெசிஸ்டர்) இருக்கிறது. 120 என்றால் ஒன்று காணோம். 40 என்றால் எவரோ மூன்றாவதையும் மாட்டியிருக்கிறார். எடுத்த எடுப்பில் கார்டை மாற்றச் சொல்லிப் பில்லை ஏற்றும் பழக்கம் இல்லை, அதுவே பெரிய விஷயம். கடைசி நோடில் (லைனில் மாட்டிய கருவியில்) 24 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது, ஷீல்டு (கேபிளின் உலோக உறை) ஒரே இடத்தில் மட்டும் எர்த் ஆகியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

குறை: கிளை வயர் நீளத்தை அளப்பதில்லை. ஒரு கிளை 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. 500 கிலோபிட் வேகத்தில் டிரங்க் (முக்கிய கேபிள்) 100 மீட்டருக்குள் அடங்க வேண்டும். டேப் பிடித்து நீங்களே அளந்துவிட்டுக் கூப்பிடுங்கள்.