ஆபீஸ் காற்று: ஏசியா, ஜன்னலா, ப்யூரிஃபையரா?

நாகர்கோவிலில் மாடியில் இருக்கிறது எங்கள் கணக்கு அலுவலகம். ஒரே ஹால், ஒன்பது பேர், ஒரு ஸ்பிளிட் ஏசி. மார்ச் மாதம் வந்தால் பகல் 12 மணிக்கே ஆளாளுக்குத் தலைவலி. "தம்பி, அந்தக் கதவைக் கொஞ்சம் தொறந்து வையேன், மூச்சு முட்டுது" என்று பில் போடும் அக்கா தினமும் சொல்வார். வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்பார். அந்த வார்த்தைதான் எனக்கு உறைத்தது. கட்டடத்துக்குள் இருக்கும்போது வந்து, வெளியேறினால் தணிகிற இந்த மாதிரித் தலைவலியையும் கண் எரிச்சலையும் உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே பேசியிருக்கிறது.

ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. எங்கள் ஹாலில் காலையில் 500ஐ ஒட்டி இருந்த எண், மதியத்துக்குள் 1500ஐத் தாண்டியது. 1000க்கு மேல் போனாலே புதுக்காற்று போதவில்லை என்று அர்த்தம்.

காரணம் எளிது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்து, குளிரவைத்துத் திரும்ப விடுகிறது. ஒன்பது பேர் விட்ட மூச்சை ஒன்பது பேரும் சுற்றிச் சுற்றி இழுக்கிறோம். ஃபில்டரைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி உரிந்து வந்தது.

அதற்காக ஏசியை ஒதுக்கிவிட முடியாது. நம் மாவட்டத்துக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும். எங்கள் பீரோவை நகர்த்தியபோது பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, ஃபைல்களில் ஈரவாடை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகவே ஆகாது. அந்த மாதங்களில் ஈரத்தை உறிஞ்சுகிற ஏசிதான் கை கொடுக்கும்.

மற்ற மாதங்களில் என் ஓட்டு ஜன்னலுக்குத்தான், அதுவும் எதிரெதிர் ஜன்னல்களுக்கு. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே ஓடாது. ஆனால் மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய மாடியில் சாலைப்பக்க ஜன்னலைத் திறந்தால் பஸ் புகைதான் வரும். பின்பக்கம் இருந்தால் அதைத் திறக்கலாம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜன்னலைத் திறந்தால், கணவாய்க் காற்றில் மேஜைமேல் ஒரு காகிதம் நிற்காது, தூசி வேறு.

காற்றை வடிகட்டும் ப்யூரிஃபையர்? அதற்குள் இருக்கும் நல்ல ஹெப்பா ஃபில்டர் (நுண்துகள் வடிகட்டி), கண்ணுக்குத் தெரியாத 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் கார்பன் டை ஆக்சைடை அது தொடாது. டெல்லியில் வெளிக்காற்றே நஞ்சு, அங்கே அது அவசியம். இங்கே சாலையோர ஆபீஸில் இழுப்புத் தொல்லை உள்ள ஒருவர் இருந்தால் வாங்குங்கள். மற்றபடி முதல் செலவு அதுவாக வேண்டாம். மணி பிளான்ட் அழகுக்குத்தான். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்குக் காட்டப்படும் நாசாவின் 1989 சோதனை, மூடிய சின்னப் பெட்டிக்குள் நடந்தது.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது ஏசியோடு எக்ஸாஸ்ட் ஃபேன். ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒன்பது பேருக்கு 90 லிட்டர். 9 அங்குல எக்ஸாஸ்ட் இதைத் தாராளமாகத் தள்ளிவிடும். எதிர்ச்சுவரில் பின்பக்க ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்கிறோம். கரண்ட் பில் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்; ஏசியை 26இல் வைத்து மின்விசிறியையும் போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். இப்போது மீட்டர் 900ஐத் தாண்டுவதில்லை. அப்புறம், லேசர் பிரிண்டரையும் எக்ஸாஸ்டுக்குக் கீழே மாற்றிவிட்டோம். அதன் சூட்டு வாடை அக்காவின் மேஜைப் பக்கம் வருவதில்லை.