ஆரோக்கிய வாழ்க்கை நிலையம்: ஆம்பிளைகளும் உள்ளே வரவேண்டும்

மாங்குளத்துக்குக் கிட்ட உள்ள அரச ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தைப் பற்றியது இது. 35 வயது தாண்டியவர்கள் நோய் வருத்தம் இல்லாமலே போய் உடம்பைச் சோதித்துப் பார்க்கலாம். காசு இல்லை.

நான் போனபோது நிறை, உயரம், சீனி, பிரஷர் எல்லாம் பார்த்தார்கள். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும், எனக்கு 97. பிரஷர் 150/96. தலையிடிகூட இல்லாமல்தான் நெல் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டு இருந்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, நேர்ஸ் மிஸ் டோர்ச் அடித்து வாய்க்குள் பார்த்தது. இலங்கை ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் எங்கட ஆட்களுக்கு இதற்காகவே போகலாம். குடி பற்றியும் கேட்டார், பின்னால் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில். ஏச்சு இல்லை. அந்த மரியாதைக்காகவே உண்மையைச் சொன்னேன்.

குறை என்றால், வாங்கில் இருந்தவர்களில் நான் மட்டும்தான் ஆண். மற்ற ஆண்கள் மனைவிமாரை இறக்கிவிட்டு வெளியே வேப்பமர நிழலில் மோட்டார் சைக்கிளோடு நின்றார்கள். பெண்களுக்குப் பிள்ளை வயிற்றில் வந்த நாளிலிருந்து கிளினிக் பழக்கம். குடும்பநல மாது வீடு தேடி வருவார். 1996 முதல் அவர்களுக்கென்று தனிக் கிளினிக்கும் உண்டு. எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. நோவைச் சொன்னால் ஆம்பிளையோ என்று கேட்கிற வளர்ப்பு வேறு. உடம்பில் ஷெல் துண்டோடு கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிற ஊர் இது. அவர்களிடம் பிரஷர் என்று சொன்னால் அதுவும் ஒரு வருத்தமா என்பார்கள்.

கிழமை நாள் காலையில் மட்டும் நடத்துவதும் சரியில்லை. நாட்கூலிக்காரன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவானா? ஞாயிறு காலையில் வாசிகசாலையில் வைக்கலாம். பசளை கொடுக்கும் நாளில் கமநல சேவை நிலையத்தில் வைத்தால் இன்னும் நல்லது, அங்கே ஆண்கள் எப்படியும் வரிசையில் நிற்பார்கள்.

அப்புறம், சலப் பரிசோதனை. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் கமம் செய்யும் ஆண்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. எனக்கு நான் கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார்கள். நீங்களும் கேளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, காலையில் தேத்தண்ணியும் குடிக்காமல் போகவேண்டும். அடையாள அட்டையை மறக்கவேண்டாம். மரத்தடியில் நிற்கிற அண்ணைமாரே, மனைவி நம்பர் எடுக்கும்போது உங்களுக்கும் சேர்த்து ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.