பச்சைக் காபிக்கொட்டை ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? என் 1,900 ரூபாய் கதையைக் கேட்டுட்டுப் போங்க

வீட்டுலயே பொழுதுபோக்கா எதையாவது கத்துக்கலாம்னு மூணு விஷயம் மனசுல இருந்துச்சு. சவர்டோங்கிற புளிச்ச மாவு ரொட்டிக்கு ஓவன் இல்ல. கொம்புச்சா, அதாவது புளிக்கவச்ச டீ போடலாம்னா, தோழி குடுத்த ஜாடியில மிதந்த ஜவ்வைப் பார்த்துட்டு மாமியார் "அதைச் சமையல்கட்டுப் பக்கம் கொண்டுவராதே"ன்னுட்டாங்க. மிச்சம் காபிக்கொட்டை வறுக்கிறது. இரும்பு வாணலி இருக்கு, வேற என்ன செலவு?

"ஏற்காடு அரபிகா, அசல் பீபரி, போன வாரம்தான் பறிச்சது"ன்னு ஒருத்தர் விளம்பரம் போட்டிருந்தார். அரபிகாங்கிறது காபியில ஒரு ரகம். 2 கிலோ, 1,900 ரூபாய், முழுப்பணமும் முன்னாடியே. அனுப்பிட்டேன். அது ஆகஸ்ட் மாசம். நம்ம பக்கம் அரபிகா பறிப்பு சூடுபிடிக்கிறதே நவம்பர்லதான்னு அப்புறம்தான் உறைச்சுது.

பார்சலைப் பிரிச்சதும் ஈரச்சாக்கு வாடை. புதுக்கொட்டை நீலம் ஓடின பச்சையா இருக்கும்; இது வைக்கோல் நிறம். பழத்துக்குள்ள ரெண்டு விதைக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு உருண்டையா விளைஞ்சாதான் பீபரி, பட்டாணி மாதிரி. எனக்கு வந்ததுல முக்கால்வாசி ஒரு பக்கம் தட்டை. அரபிகாவுக்கு நடுக்கோடு வளைஞ்சு போகும், இன்னொரு ரகமான ரோபஸ்டாவுக்கு நேரா இருக்கும். இதுல ரெண்டும் கலந்து கிடந்துச்சு. ஒரு கைப்பிடியைத் தாள்ல பரப்பி எண்ணினேன். 50 கொட்டையில 9-ல குண்டூசித் துளை, காய்த்துளைப்பான் பூச்சியோட வேலை.

இருந்தும் மனசு கேக்காம 200 கிராம் வறுத்தேன். உடைசல் எல்லாம் முதல்லயே கரிஞ்சுது, வறுபட்டா படபடன்னு வெடிக்க வேண்டிய பெரிய கொட்டை வெடிக்கவே இல்ல. டிகாக்‌ஷனைப் பத்திச் சொல்லாம இருக்கிறதே நல்லது.

போன் பண்ணினா, "வறுக்கத் தெரியலைன்னா கொட்டையைக் குறை சொல்லாதீங்க மேடம்"ங்கிறார். போட்டோ அனுப்பினேன், பிளாக் பண்ணிட்டார்.

வாங்கறவங்க முதல்ல கால் கிலோ மட்டும் கேளுங்க. தரமாட்டேன்னா நகர்ந்துடுங்க. வெள்ளைத் தாள்ல பரப்பி, பகல் வெளிச்சத்துல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பிளாண்டேஷனா செர்ரியான்னும் கேளுங்க. அரபிகாவைத் தோல் நீக்கிக் கழுவிக் காயவச்சா பிளாண்டேஷன், பழத்தோட காயவச்சா செர்ரி. காபி வியாபாரின்னா யோசிக்காம பதில் சொல்வாங்க. என் ஆளு "ரெண்டும்தான் மேடம்"னார். அப்பவே எழுந்து ஓடியிருக்கணும்.

பணம் அனுப்பின ரசீதை வச்சு 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுத்திருக்கேன். இன்னும் எதுவும் வரல. மிச்சம் 1.8 கிலோ பரண்ல கிடக்கு. "இதுக்கு அந்த ஜவ்வே தேவலாம்"ங்கிறாங்க மாமியார்.