மோட்டார் வைண்டிங் பட்டறையில் ஈஆர்பிநெக்ஸ்ட்: நாலு வருஷ அனுபவம்

எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது (வைண்டிங்) எங்கள் தொழில். பட்டறைக்குள் மோட்டார் வந்ததும் முதல் வேலை, எண் குத்திய அலுமினிய வில்லை ஒன்றைக் கம்பியால் அதன் உடம்பில் கட்டுவது. காகிதச் சீட்டு தாங்காது. பழைய காயிலை (கம்பிச் சுருளை) பிரிக்கச் சூடாக்கும்போதோ, வார்னிஷ் ஊற்றி ஓவனில் வைக்கும்போதோ கருகிவிடும். வில்லையில் இருக்கும் எண்தான் கம்ப்யூட்டரிலும் அந்த மோட்டாரின் எண். கூலி, கம்பி, பில் மூன்றும் நாலு வருஷமாக அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன. அந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு மூன்று மென்பொருள் தேவைப்பட்டது, மூன்றாவதுதான் ஈஆர்பிநெக்ஸ்ட். இந்தத் தொழிலில் இருக்கும் மற்றவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பட்டறை கோவை கணபதியில். நான்கு வைண்டர்கள், ஒரு ஃபிட்டர், இரண்டு ஹெல்பர்கள், மேஜையில் நான். மாதம் எண்பது தொண்ணூறு மோட்டார் வரும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் கீழே இறங்கியதும் போர் மோட்டார்கள் வரிசை கட்டும். சோமனூர்ப் பக்கம் தறி மோட்டார், அன்னூர்ப் பக்கம் விவசாய மோட்டார், ஊருக்குள் வீட்டு மோட்டார், கிரைண்டர் மோட்டார் என்று எல்லாம் உண்டு.

முதலில் கார்பன் வைத்த பில் புத்தகமும் ஒரு நீள நோட்டும். அப்புறம் எக்செல். 2019இல் மொபைலில் பில் போடும் செயலி ஒன்றை வாங்கினேன். பெயர் வேண்டாம், பொருள் விற்கும் கடைக்கு அது நல்ல செயலிதான். பில் போட்டால் ஸ்டாக் குறையும், பாக்கி யாரிடம் என்று காட்டும். ஆனால் எங்கள் தொழிலில் கம்பி ரீலிலிருந்து இன்றைக்கு இறங்கும், பில் பத்து நாள் கழித்துத்தான். சில மோட்டாரை ஆள் வந்து எடுக்கவே ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்தக் கம்பி ஸ்டாக்கில் இருப்பதாகவே செயலி சொல்லும். 21 கேஜ் (கம்பியின் கனம்) எட்டு கிலோ இருக்கிறதென்று நம்பி ஒரு மில் மோட்டாரை ஒத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் ரீலில் இரண்டு கிலோகூட இல்லை. அன்றைக்கு அவசரத்துக்கு வெளியில் வாங்கிய கம்பியில் அந்த வேலையின் லாபம் போயிற்று.

அடுத்து கார் சர்வீஸ் கடைகளுக்கென்று செய்த ஒரு மென்பொருள். ஜாப் கார்டிலிருந்து தொடங்கியது, அதுவரை சரி. வண்டி எண் இல்லாமல் கார்டு திறக்காது, அதில் வில்லை எண்ணைப் போட்டுச் சமாளித்தேன். கம்பி எடையை கிராம் வரை ஏற்கவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். வெளியே வரும்போதுதான் சிக்கல். ஒன்றரை வருஷம் ஏற்றி வைத்த வைண்டிங் டேட்டா (எந்த மோட்டாருக்கு என்ன கம்பி, எத்தனை சுற்று என்ற விவரம்) அனைத்தும் படமாக உள்ளே கிடந்தது. மொத்தமாக எடுக்க வழி இல்லை. சந்தா முடிவதற்குள் நானும் என் தங்கை மகனும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேமித்தோம். அதனால் இப்போது யார் எந்த மென்பொருளைக் காட்டினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: என் கணக்கு முழுவதையும் நானே வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா?

ஈஆர்பிநெக்ஸ்ட் பக்கம் என்னைக் கொண்டுவந்ததும் அந்தக் கேள்விதான். மும்பையிலிருக்கும் ஃப்ராப்பே நிறுவனம் செய்தது. திறந்த மூல மென்பொருள் (அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்), நம் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம், எல்லாப் பட்டியலையும் எக்செல்லாக இறக்கலாம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது ரிப்பேர் கடைக்கென்றே செய்தது அல்ல. உற்பத்தி, வியாபாரம், சம்பளம், கணக்கு எல்லாம் அடங்கிய பெரிய மென்பொருள். உள்ளே போனதும் மலைப்பாக இருக்கும். நாங்கள் பயன்படுத்துவது அதில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம்.

எங்களுக்குப் பொருந்திய வழி, ஒவ்வொரு மோட்டாரையும் ஒரு 'புராஜெக்ட்' ஆகத் திறப்பது. பெயரைப் பார்த்து இதெல்லாம் பாலம் கட்டுகிறவர்களுக்கு என்று நானும் முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன். கம்பியும் பேரிங்கும் எடுக்கும்போது ஸ்டாக் என்ட்ரியில் அந்த மோட்டாரின் எண்ணைக் குறித்துவிட்டால் பொருள் செலவு அதில் ஏறுகிறது. ஆட்களின் நேரத்தை டைம்ஷீட்டில் போட்டால் கூலி ஏறுகிறது. பில் போட்டால் வரவு ஏறுகிறது. கடைசியில் அந்த ஒரு மோட்டாரில் எவ்வளவு நின்றது என்று ஒரே பக்கத்தில் தெரிகிறது. என் அப்பா முப்பது வருஷம் இந்தத் தொழில் செய்தார். மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சியது என்பது அவருக்குத் தெரியும். எந்த மோட்டாரில் மிஞ்சியது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

கம்பிக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எங்கள் பணம் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. காப்பர் கம்பி கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியபின், 5 எச்பி மோட்டார் ஒன்றுக்குக் கம்பி மட்டுமே மூவாயிரத்துக்கு மேல் போகிறது. காப்பர் விலை லண்டன் உலோகச் சந்தையைப் பார்த்து ஆடுவது, காலையில் சொன்ன விலை மறுநாள் இருக்காது. கேஜ் ஒவ்வொன்றையும் தனிப் பொருளாகப் போட்டு, கிலோவை மூன்று தசம இடம் வரை வைத்திருக்கிறோம். போர் மோட்டாருக்கான பாலி கம்பி (பிளாஸ்டிக் உறை போட்டது) தனி வரிசை. வைண்டர் காயில் சுற்றத் தொடங்கும் முன் ரீலைத் தராசில் வைப்பார், முடித்ததும் திரும்ப வைப்பார். இரண்டு எடையையும் தராசுக்கு மேலே தொங்கும் அட்டையில் வில்லை எண்ணோடு எழுதுவார். சாயங்காலம் நான் அந்த அட்டையைப் பார்த்து ஏற்றிவிடுவேன். வைண்டர்களைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைக்க ஆறு மாதம் முயன்றேன், வார்னிஷ் கையோடு அது நடக்காது. அட்டையும் தராசும் போதும். வெட்டு முனைகளை சனிக்கிழமை மொத்தமாக எடை போட்டுச் சேதாரமாகக் கழிக்கிறோம்.

எரிந்த மோட்டாரிலிருந்து பிரிக்கும் பழைய காப்பரும் எடைக்கு வரும். வாடிக்கையாளர் எடுத்துப் போனால் அவர் எடுத்ததாகக் குறிப்பு. எங்களிடமே விட்டால் முன்பெல்லாம் பில்லில் வாய்க்கணக்காகக் கழித்துவிடுவோம். அதை நிறுத்திவிட்டேன். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரிடமிருந்து பதிவு உள்ளவர் உலோகக் கழிவு வாங்கினால், வாங்குகிறவரே வரி கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் விதி வந்திருக்கிறது. எனவே பழைய காப்பர் இப்போது தனிக் கொள்முதல் சீட்டு. உங்கள் கடைக்கு எப்படி என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சில மில்லில் கம்பியை அவர்களே வாங்கிக் கொடுப்பார்கள், நமக்குக் கூலி மட்டும். வாடிக்கையாளர் கொடுத்த பொருள் என்று பொருளைக் குறித்து வைக்கும் வசதி இதில் இருக்கிறது. அவர்கள் கம்பியும் நம் கம்பியும் கலக்காது. மிச்சம் இருநூறு கிராம் என்றாலும் எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறேன். அதைப் பார்த்தே ஒரு மில் மேஸ்திரி இன்னும் இரண்டு மில் வேலை வாங்கிக் கொடுத்தார்.

கூலியில்தான் அதிகம் திணறினேன். டைம்ஷீட் மணிக்கணக்குக்கு உரியது. எங்கள் வைண்டர்களுக்கு மோட்டாருக்கு இவ்வளவு என்று எச்பி வைத்துக் கூலி. ஹெல்பருக்கும் ஃபிட்டருக்கும்தான் நாள் சம்பளம். முதல் வருஷம் வைண்டருக்கும் மணி போட்டுப் பார்த்தேன், எண்ணெல்லாம் தப்பாக வந்தது. பிறகு வைண்டர்களை வேலை சப்ளை செய்கிறவர்களாகப் பதிந்து, வாரக் கூலியைக் கொள்முதல் பில்லாக, ஒவ்வொரு வரியிலும் மோட்டார் எண்ணோடு போட ஆரம்பித்தேன். அந்தச் செலவும் புராஜெக்ட்டில் போய்ச் சேர்கிறது. சனிக்கிழமை அவரவர் சீட்டை அச்செடுத்துக் கையில் கொடுப்பேன். மூத்த வைண்டர் முதல் வாரமே சீட்டை விரல் வைத்துப் படித்துவிட்டு, "தம்பி, புதன்கிழமை அந்தக் கிரைண்டர் மோட்டார் உட்டுப்போச்சு" என்றார். தராசு அட்டையைப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. நோட்டுக் காலத்தில் அப்படி எத்தனை விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

ஆறு மாதக் கணக்கு சேர்ந்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. அரை எச்பி, ஒரு எச்பி வீட்டு மோட்டார்களில் எங்களுக்கு ஒன்றுமே நிற்கவில்லை. கம்பி குறைவுதான். ஆனால் கழற்றுவது, பிரிப்பது, இன்சுலேஷன் பேப்பர் போடுவது, மாட்டி ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பெரிய மோட்டாருக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. எச்பியை வைத்து ரேட் சொன்னது தப்பு. இப்போது எவ்வளவு சின்ன மோட்டாரானாலும் குறைந்தபட்சக் கூலி ஒன்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் பேர் வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும்.

வைண்டிங் டேட்டா எங்கள் பட்டறையின் சொத்து. ஸ்லாட் எத்தனை, காயிலுக்கு எத்தனை டர்ன், என்ன கேஜ், பிட்ச், கனெக்‌ஷன், கோர் நீளம். இதற்குத் தனிப் புலங்கள் சேர்த்துக்கொண்டோம். நிரல் எழுதத் தெரியாமலே திரையில் சேர்க்க முடிகிறது. பெயர்ப்பலகைப் படமும் உள்ளே. அதே மாடல் திரும்ப வந்தால் பிரித்து எண்ணும் வேலை பாதி குறைகிறது.

பில் விஷயம் சுலபமாகவே முடிந்தது. மில்காரருக்குக் கூலி, கம்பி, பேரிங் தனித்தனி வரியாக வேண்டும். விவசாயிக்கு மொத்தத் தொகை போதும். இரண்டு அச்சு வடிவம் வைத்திருக்கிறோம். பொருளையும் கூலியையும் தனித்தனி மதிப்பில் காட்டினால் அதது அதன் விகிதத்தில் வரி என்று 2018 ஜூனில் வந்த ஜிஎஸ்டி சுற்றறிக்கை சொல்கிறது. எங்களுக்கு மூன்றும் 18 சதவீதம் என்பதால் தொகை மாறாது. குறியீடு மட்டும் வேறு: கம்பிக்கு 8544, பேரிங்குக்கு 8482, ரிப்பேர் கூலிக்கு 9987. ஆடிட்டர் டேலியில்தான் பார்ப்பார், மாதம் ஒருமுறை எக்செல் அனுப்புகிறேன்.

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். தறிப் பட்டறைக்காரர் ஒருவர் மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கியதுமே, "ஏனுங்க, மூணு மாசங்கூட ஆகலீங்க, மறுபடி எரிஞ்சுபோச்சு" என்றார். அவருடைய கோபம் நியாயம். வில்லை எண்ணைப் போட்டுத் திறந்தேன். வைண்டிங் மட்டும் போதும், பேரிங் பிறகு மாற்றிக்கொள்கிறேன் என்று அவர் மகன் சொன்னது குறிப்பில் இருந்தது. மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) அளவும் இருந்தது. மோட்டாரைத் திறந்தால் பேரிங் உடைந்து, சுழலும் ரோட்டார் சுற்றியிருக்கும் ஸ்டேட்டரில் உரசிய தடம். திரையையும் மோட்டாரையும் அவருக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிங்க, பையன் எங்கிட்டச் சொல்லலீங்க" என்றார். கூலியில் பாதியைக் குறைத்துக்கொண்டு பேரிங்கோடு செய்து கொடுத்தேன். இன்றைக்கும் வருகிறார்.

செலவு? மென்பொருளுக்குக் காசு இல்லை, அமைக்கத்தான். தெரிந்த பையன் ஒருவருக்கு முதல் வருஷம் 38,000 ரூபாய் கொடுத்தேன், அதன்பின் வருஷத்துக்குப் பத்தாயிரத்துக்குள். முதலில் பட்டறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரிலேயே போட்டோம், அது என் தவறு. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஹார்ட் டிஸ்க் போயிற்று. கடைசி நகல் ஒன்பது நாள் பழையது. தராசு அட்டைகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால் அந்த ஒன்பது நாளையும் திரும்ப ஏற்ற முடிந்தது. இப்போது மாதவாடகை சர்வரில் இருக்கிறது, தினமும் ஒரு நகல் என் வீட்டுக்கும் வருகிறது. அட்டைகளையும் ஒரு வருஷம் வைத்திருக்கிறோம்.

ஒரே ஆள், மாதம் பத்து மோட்டார் என்றால் இது வேண்டாம், தராசும் நோட்டும் போதும். நாலு பேருக்கு மேல் வேலை பார்க்கிறார்கள், கம்பி கிலோக்கணக்கில் போகிறது என்றால் உட்கார்ந்து அமைக்கலாம். முதல் மூன்று மாதம் நோட்டையும் விடாதீர்கள். நாங்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மணிக்கணக்குத் தப்பைக் கண்டுபிடித்தோம்.

எனக்கு இன்னும் பிடிபடாமல் இருப்பது வெளி வேலை. தோட்டத்துக்குப் போய் போர் மோட்டாரைத் தூக்க நாலு ஆள், வண்டி, குழாய், கயிறு என்று போகும். எத்தனை அடி என்பது அங்கே போனால்தான் தெரியும், கூலி அங்கேயே பேசப்படும், பாதிப் பணம் அங்கேயே கை மாறும். அது இன்னும் ஃபிட்டரின் சட்டைப் பையிலிருக்கும் சின்ன நோட்டில்தான் இருக்கிறது. வரும் சித்திரைக்குள் அவருடைய போனில் வில்லை எண், அடி, ஆள் கணக்கு மூன்று கட்டம் மட்டும் வருகிற மாதிரி ஒரு படிவம் செய்துகொண்டிருக்கிறோம்.