சைக்கிள் உதிரிகள்: எதைச் சரிசெய்து ஓட்டினேன், எதை மாற்றினேன்

வீட்டில் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்று அப்பா ஓட்டிய 28 அங்குல ரோட்ஸ்டர், கியர் இல்லாத பழைய மாடல். மற்றது, அலுவலகம் போய்வர நான் வாங்கிய 7 கியர் ஹைப்ரிட். திருவான்மியூர் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் தேங்கிய தண்ணீரிலும் இறங்கும். தேய்மானமும் துருவும் இங்கே ஜோடியாகத்தான் வரும். ஒரு உதிரி தேய்ந்துவிட்டது என்றால், அப்படியே விட்டால் அது வேறு எதைக் கெடுக்கும் என்று முதலில் பார்ப்பேன். விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

செயினில் இது நன்றாகவே தெரியும். செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோம், ஆனால் இரும்பு ஒன்றும் இழுபடுவதில்லை. ஒவ்வொரு ரிவிட்டும் அதைச் சுற்றியுள்ள தகடும் உரசித் தேய்ந்து, அந்தச் சின்னச் சின்ன இடைவெளிகள் சேர்ந்து நீளமாகின்றன. அளக்கத் தனிக் கருவி வேண்டாம், ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு ரிவிட்டிலிருந்து அடுத்த ரிவிட்டுக்கு அரை அங்குலம். புதுச் செயினில் 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 அங்குலம் போனதும் ஹைப்ரிட்டுக்குப் புதுச் செயின் வாங்கிவிடுவேன். 1/8 அங்குலம் வரை விட்டால் பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலின் பற்களும் அந்தத் தேய்ந்த அளவுக்கே பழகிவிடும். பிறகு புதுச் செயின் போட்டாலும் அழுத்தி மிதிக்கும்போது ‘கடக்’ என்று தாண்டும், அதுவும் நாம் அதிகம் ஓட்டும் கியரில்தான். கடைக்காரர் "இன்னும் ஆறு மாசம் தாங்கும் சார்" என்பார். தாங்கும்தான், ஆனால் ஆறு மாதம் கழித்து செயினோடு ஃப்ரீவீலும் வாங்க வேண்டிவரும்.

ரோட்ஸ்டரில் கணக்கே வேறு. கியர் கிடையாது, செயின் அகலம், பல்லும் தடிமன். செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்கினால் போதும். அதனால் அதில் எதையும் அவசரப்பட்டு மாற்றுவதில்லை. செயின், ஃப்ரீவீல், முன் பல்சக்கரம் மூன்றும் சேர்ந்தே தேயட்டும் என்று விட்டுவிட்டு, இழுக்க இடமில்லாமல் போகும்போது மூன்றையும் ஒன்றாக மாற்றுவேன்.

சர்வீஸ் செய்தால் உண்மையிலேயே பலன் தருவது ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து அச்சை விரலால் சுற்றினால் மணல் அரைபடுவது போல இருக்கிறதா, ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘டொக் டொக்’ என்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஓவராயில், அதாவது முழுசாகப் பிரித்துச் சுத்தம் செய்யும் நேரம். உள்ளே உருளும் பழைய பால்ஸை (குண்டுகளை) கழுவித் திரும்பப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பின் ஹப்பில் பக்கத்துக்குக் கால் அங்குல பால்ஸ் 9, முன் ஹப்பில் பக்கத்துக்குச் சிறிய பால்ஸ் 10. எல்லாம் புதிதாகப் போட்டாலும் ஒரு வேளை டிபன் செலவுகூட ஆகாது. பால்ஸை அழுத்திப் பிடிக்கும், அச்சில் திருகிய கூம்புதான் கோன்; அதைத் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பால்ஸ் ஓடும் வட்டத்தில் குழி விழுந்திருந்தால் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் பிரயோஜனமில்லை, கோனை மாற்றியே ஆக வேண்டும். கோன் தனியாகக் கிடைக்கும். பால்ஸ் உட்காரும், ஹப்போடு பொருந்திய கப் குழிவிட்டால்தான் சிக்கல். அப்போது ஹப்பையே மாற்றி, எல்லாக் கம்பியையும் கழற்றிக் கோர்க்க வேண்டும். ரோட்ஸ்டரின் பின்சக்கரத்தில் 40 கம்பி! கோனை நேரத்தில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

ஸ்க்ரூ வகை ஃப்ரீவீல் உள்ள பின்சக்கரத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஃப்ரீவீல் பக்க பால்ஸ் உள்ளே தள்ளி இருப்பதால் பள்ளத்தில் விழுந்தால் அச்சு வளையும். வளைந்த அச்சில் கோனை எப்படி வைத்தாலும் ஒரு சுற்றில் இறுகும், ஒரு சுற்றில் ஆடும். நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், புது அச்சே போடுங்கள்.

இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சு, அதாவது பி.பி. (பாட்டம் பிராக்கெட்), இரண்டு வண்டியிலும் வேறு வேறு. ரோட்ஸ்டரில் கப், பால்ஸ், பெடல் கையை அச்சோடு பிடிக்கும் காட்டர் பின் என்று எல்லாமே கழற்றக்கூடியவை. மழைக்காலம் முடிந்ததும் பிரித்துப் பார்த்தால் உள்ளே காவி நிறத் தண்ணீர் நிற்கும். துடைத்து, கிரீஸ் வைத்து மூடினால் அடுத்த மழை வரை கவலையில்லை. ஹைப்ரிட்டில் மூடிய கார்ட்ரிட்ஜ். அதில் சர்வீஸ் என்ற பேச்சே இல்லை, ஆடினால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும்: செயின் பக்கத்துக் கப்புக்குத் தலைகீழ் மறை. வழக்கம்போல இடப்பக்கம் திருகினால் கழலாது, இன்னும் இறுகும்.

கியர் மாற மறுத்தால் டெரெய்லர் (செயினை அடுத்த பல்சக்கரத்துக்குத் தள்ளும் பாகம்) போய்விட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். வெளி உறைக்குள் துரு பிடித்திருக்கும். கேபிளையும் உறையையும் மாற்றிய பிறகும் மாறவில்லை என்றால்தான் டெரெய்லரைச் சந்தேகிப்பேன். பிரேக் கேபிளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்றிவிடுவேன். பிரேக் கட்டையில் கோடுகள் மறைந்ததும் புதிது. இடையில் கரகரவென்று சத்தம் வந்தால் அதில் பதிந்த கல்லை ஊசியால் எடுத்து, உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்தால் போதும். டியூபுக்கு எத்தனை பஞ்சர் ஒட்டும் போடலாம், வால்வு அடியில் கிழிந்தால் மட்டும் முடியாது. டயரில் நூல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

இப்போது ஹைப்ரிட்டின் பின் ரிம் பிரேக் உரசி உள்வாங்கியிருக்கிறது. ஸ்கேலைப் பக்கவாட்டில் வைத்தால் இடைவெளி தெரிகிறது. ரிம் இப்படி மெலிந்தால் காற்றழுத்தத்தில் வெடிக்கும், அதனால் தள்ளிப்போட முடியாது. கடையில் முழுச் சக்கரமாக ரெடிமேட் கிடைக்கும், வேலையும் சீக்கிரம் முடியும் என்றார்கள். ஆனால் போன கோடையில் கோன் மாற்றிய ஹப் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. அதனால் ரிம்மையும் கம்பிகளையும் மட்டும் புதிதாகப் போட்டு, கோட்டம் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறேன். கூலியோடு பார்த்தால் ரெடிமேடைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.