டாஸ்மேனியாவைக் காரில் சுற்ற: எங்கள் ரூட் பிளான் இப்போது இப்படித்தான்

மெல்பர்னுக்குக் குடிவந்ததிலிருந்து நீண்ட விடுமுறை என்றாலே எங்கள் வீட்டில் டாஸ்மேனியாதான், ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே கடல் தாண்டி இருக்கும் தீவு மாநிலம். சொந்தக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்பது பாதிக் காரணம். இத்தனை வருஷத்தில் வழி போட என்னென்னவோ பயன்படுத்தியாயிற்று: போன் மேப், பயணத் திட்டம் போட்டுத் தரும் செயலிகள், எக்செல், மடித்து வைக்கும் காகித மேப். இன்றும் நிலைத்திருப்பவை எக்செல்லும் காகித மேப்பும்தான். போன் மேப் உதவிக்கு மட்டும். திட்டம் போட்டுத் தரும் செயலிகளை நீக்கிவிட்டேன். அவை பார்க்கவேண்டிய இடங்களை அடுக்கித் தருகின்றன, இருட்டைக் கணக்கில் எடுப்பதில்லை.

தீவு ஏறத்தாழ இலங்கையளவு. ஊரிலிருந்து வந்திருந்த அப்பா மேப்பை மேசையில் விரித்து, மேற்குக் கரை ஊரான ஸ்ட்ராஹனில் ஒரு விரலும் தலைநகர் ஹோபார்ட்டில் ஒரு விரலும் வைத்து, "ஏம்ப்பா, இவ்ளோ கிட்ட இருக்கு, இதுக்கா ஒரு நாள் பூரா?" என்றார். சுமார் 300 கிலோமீட்டர். நாலரை மணி நேரம் என்கிறது போன். எங்கும் காலே ஊன்றாமல் போனால் அது சரிதான். ஆனால் அந்த ஏ10 சாலையில் குயின்ஸ்டவுனைத் தாண்டியதும் மலையேற்றம் தொடங்குகிறது. 99 வளைவு என்பார்கள். செம்பு உருக்கிய ஆலைகளின் கந்தகப் புகையும் உலைக்காக மரம் வெட்டியதும் சேர்ந்து மொட்டையாக்கிய மலைகள் இருபக்கமும் செம்மண் நிறத்தில் நிற்கும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வயிற்றைப் புரட்டும், காலையில் இட்லி இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அப்புறம் நெல்சன் அருவி, போய்வர இருபது நிமிஷம். டோனகிஸ் ஹில் மேட்டிலிருந்து ஃபிராங்க்ளின் நதிப் பள்ளத்தாக்கு. ஆஸ்திரேலியாவிலேயே ஆழமான ஏரியான செயிண்ட் கிளேர். இவ்வளவையும் விட்டுவிட்டு நாலரை மணி நேரத்தில் ஹோபார்ட் போய் என்ன செய்யப்போகிறோம்? அப்பாவுக்கும் அன்று சாயங்காலம் கணக்கு புரிந்துவிட்டது.

எங்கள் எக்செல்லில் முதல் கட்டம் இடத்தின் பெயர் இல்லை, சூரியன் மறையும் நேரம். டிசம்பர் கடைசியில் ஹோபார்ட்டில் இரவு ஒன்பது மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும். அந்தி சாய்ந்ததும் வாலபி, பேடிமெலன் என்ற சின்னக் கங்காரு வகைகள், வோம்பாட் எல்லாம் சாலைக்கு வந்துவிடுகின்றன. வோம்பாட் குட்டையாக, கெட்டியாக இருக்கும் பிராணி, மோதினால் காரும் தப்பாது. அந்தி முதல் விடியல் வரை 65 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்லும் மஞ்சள் பலகைகள் சில சாலைகளில் உண்டு. வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் இரவு ஓட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி விடாமல் படிக்கவேண்டும். ஆக, இரவு எங்கே தங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கே போய்ச் சேரும்படி பின்னோக்கி எண்ணி வருவோம். நடுவில் எத்தனை இடம் கொள்கிறதோ அத்தனைதான். குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போடுவதே இல்லை.

காகித மேப் ஏன்? சாலை எண்ணுக்காக. ஏ, பி, சி என்று எழுத்தோடு எண் சேர்த்துச் சாலைகளுக்குப் பெயரிடும் முறையை ஆஸ்திரேலியாவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் டாஸ்மேனியா, 1979-இல். ஏ என்றால் நெடுஞ்சாலை, பி அடுத்த நிலை, சி என்றால் விசாரித்துக்கொள். சி சாலைகள் எல்லாம் மோசமில்லை, கிரேடில் மலைக்குப் போகும் சி132 அருமையான தார்ச்சாலை. ஆனால் சரளை பெரும்பாலும் சி-யில்தான் வரும். காகித மேப்பில் தார் ஒரு விதக் கோடு, சரளை வேறு விதக் கோடு. போன் மேப்பிலோ பல இடங்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. பத்து நிமிஷம் மிச்சம் என்று காட்டுக்குள் மரலாரி போகும் வழியில் திருப்பிவிடும். மேற்குப் பக்கம் பாதித் தூரம் சிக்னலும் கிடையாது, ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்பவேண்டும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைக் கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள்தான் முடிவு செய்வோம். மேற்குக் காற்று மழையை மேற்கு மலைகளிலேயே கொட்டிவிடுகிறது, கிழக்குக் கரைக்கு வருவது மிச்சம் மீதிதான். வானிலைத் துறை மேற்கில் ரெண்டு நாள் மழை என்றால் முதலில் கிழக்கே போய்விடுவோம். இதற்காகவே ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்கிறோம். கொஞ்சம் விலை கூடும், பரவாயில்லை. ஜனவரியில் மட்டும் இது நடக்காது, அறை கிடைப்பதே பெரும்பாடு.

கப்பல் 2022 அக்டோபரிலிருந்து மெல்பர்னுக்குப் பக்கத்து ஊரான ஜீலாங்கில் புறப்படுகிறது, காலையில் தீவின் வடகரைத் துறைமுகமான டெவன்போர்ட். அரைத் தூக்கத்தில் இறங்கும் அந்த முதல் நாளில் நீண்ட ஓட்டம் வேண்டாம். கிரேடில் மலை 80 கிலோமீட்டர்தான். வழியில் ஷெஃபீல்டில் சுவரெல்லாம் ஓவியம், பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கலாம். மலையடியில் இருக்கும் டவ் ஏரிக்குப் பகலில் சொந்தக் கார் விடமாட்டார்கள், பார்வையாளர் மையத்திலிருந்து ஷட்டில் பஸ். நடக்க முடியாதவர்களுக்கு ஏரிக்கரையில் கண்ணாடி வைத்த கூடம் கட்டியிருக்கிறார்கள். மழையில் அம்மா அங்கேயே உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாங்கள் நனைந்து திரும்பினோம்.

இன்னொன்று: பழம், காய்கறி, செடிகொடி எதுவும் தீவுக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். புளிக்காய்ச்சல் எடுத்துப் போகிறோம், அரிசி அங்கேயே வாங்கிக்கொள்கிறோம். சின்ன ஊர்களில் எட்டு மணிக்கே சமையலறையை மூடிவிடுவதால், அடுப்பு உள்ள அறையா என்பதும் எக்செல்லில் ஒரு கட்டம்.

கிழக்கு சுலபம். ஹோபார்ட்டிலிருந்து கரையோரமாகவே ஏறி லான்செஸ்டன் வரை ஏ3 என்ற ஒரே எண். கிழக்குக் கரையில் இருக்கும் ஃபிரேசினே தேசியப் பூங்காவில் எல்லோரும் ஒயின்கிளாஸ் பே என்ற விரிகுடாவைப் பார்க்க மேட்டுக்குப் படியேறுகிறார்கள். வயதானவர்கள் கூட வந்தால் அதை விட்டுவிட்டு கேப் டூர்வில் கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். இருபது நிமிஷம், சக்கர நாற்காலியும் போகும் பாதை, கீழே முழுக்கக் கடல். என் கணக்கில் மேட்டைவிட இதுதான் உசத்தி.

நாங்கள் இன்னும் போகாதது வடமேற்கில் ஆர்தர் ரிவரிலிருந்து கொரின்னா வழியாக இறங்கும் சி249. பெரும்பகுதி சரளை, நடுவில் பைமன் ஆற்றைக் காரோடு மிதவையில் கடக்கவேண்டும், அதுவும் பகல் நேரத்தில் மட்டும். வாடகைக் காருக்கு வேண்டவே வேண்டாம். சொந்தக் காருக்கு அடுத்த பிப்ரவரியில் ஒரு வரி போட்டு வைத்திருக்கிறேன். தங்கல் கொரின்னாவில், அடுப்புக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.