சின்னமனா, பிளாஸ்மாவா?

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டாயிற்று. சரி, அடுத்து டெஸ்க்டாப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற வேண்டும். லினக்ஸில் திரையின் முகப்பைத் தரும் மென்பொருள்கள் பல; சின்னமனும் பிளாஸ்மாவும் அவற்றில் இரண்டு. லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் சின்னமன் விண்டோஸ் பழகிய கைக்கு ஒத்துப்போகும். கீழே பேனல் (பட்டை), இடது மூலையில் மெனு. தீம், ஆப்லெட் (பேனலில் உட்காரும் சின்னக் கருவி) எல்லாம் செட்டிங்ஸிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

1996-இல் தொடங்கிய கேடிஇ (KDE) திட்டத்தின் பிளாஸ்மாவில் ஆசை தீர மாற்றலாம்: பேனலை எந்த ஓரத்துக்கும் நகர்த்தலாம், உயரத்தைக் கூட்டலாம், கடிகாரம் போன்ற விட்ஜெட் சேர்க்கலாம். ஆனால் முதல் வாரமே பேனலை நீக்கிவிட்டுத் தவித்தேன். குளோபல் தீமை (மொத்தத் தோற்றத்தையும் மாற்றும் தீம்) டெஸ்க்டாப் லேஅவுட்டோடு சேர்த்து மறுபடி போட்ட பிறகுதான் திரும்பி வந்தது. சின்னமனில் பேனலை வலது க்ளிக் செய்தாலே, எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் வழி இருக்கிறது. அதற்காகவே புதியவர்களுக்கு முதலில் சின்னமனைச் சொல்வேன். பிளாஸ்மா அப்புறம்.